தினம் ஒரு நல்ல வார்த்தை சொல்லும் ஆப்: காசு கட்டலாமா, தமிழில் உண்டா, உதவுமா?

கேள்வி | 3 மார்ச் 2025, காலை 7.10

கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். பார்சல் டெலிவரி வேலை, வயது 24. காலையில் கண் விழித்ததும் ‘இன்னிக்கு எத்தனை பேர் கத்தப் போறாங்களோ’ என்பதுதான் முதல் நினைப்பு. கூட வேலை பார்ப்பவன் அஃபர்மேஷன் ஆப் (நமக்கு நாமே சொல்லிக்கொள்ள நல்ல வாக்கியம் தருவது) ஒன்று போடச் சொன்னான். ப்ளே ஸ்டோரில் தேடினால் முடிவே இல்லாமல் வருகிறது, எல்லாவற்றிலும் ரோஸ் கலர் மேகம். எதைப் போடுவது? காசு கட்டலாமா? தமிழில் உண்டா? இதெல்லாம் மனசை நாமே ஏமாற்றிக்கொள்வது என்றுதான் எனக்குப் படுகிறது. தப்பென்றால் சொல்லுங்கள்.

பதில் | 3 மார்ச் 2025, இரவு 10.50

தம்பி, பொங்கலுக்கு மறுநாளிலிருந்து நானும் ஒன்று வைத்திருக்கிறேன். வீடு கொருக்குப்பேட்டை, வேலை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங். உன்னிடம் வாசலில் நின்று கத்துகிறார்கள், என்னிடம் கவுண்டரில் நின்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பார்த்த வரை இதில் இரண்டு ரகம். ஒன்று, நல்ல வாக்கியத்தை நோட்டிஃபிகேஷனாக அனுப்பிக்கொண்டே இருப்பது. ‘ஐ யாம்’ என்று ஒன்று நிறைய பேர் வைத்திருக்கிறார்கள், அது இந்த ரகம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் என்று நாமே வைத்துக்கொள்ளலாம், முகப்புத் திரையிலும் ஒட்டிக்கொள்ளலாம். இன்னொரு ரகம், வாக்கியத்தை உன் குரலிலேயே பதிவு செய்து பின்னணி இசையோடு கேட்பது. ‘திங்க்அப்’ அப்படி. முதல் ரகம் படிப்பதற்கு, இரண்டாவது கேட்பதற்கு. வண்டி ஓட்டுகிறவன் நீ, படிப்பதெல்லாம் சிக்னலில் கூட வேண்டாம்.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் கேள். நாளைக்குப் பத்து தடவை என்று ஆப் கேட்டது, சரி என்று விட்டுவிட்டேன். எங்கள் கடையில் காலையிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பக் கையில் வரும்போது பார்த்தால், ‘இன்று உன் நாள்’, ‘இந்தக் காலை உனக்காகவே விடிந்தது’, ‘இன்று எதுவும் உன்னைத் தொடாது’ என்று வரிசையாக எட்டு செய்தி. கால் வீங்கி, தலை கலைந்து, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது இதைப் படித்தால் யாரோ கிண்டல் செய்கிற மாதிரிதான் இருக்கும். இப்போது காலை எட்டரைக்கு ஒன்றே ஒன்று.

காசு இப்போதைக்குக் கட்டாதே. 21 நாள் இலவசத்திலேயே ஓட்டு, அதற்குள் பழகிவிடும்.

4 மார்ச் 2025, காலை 6.20

ஒன்றை விட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு 13 வந்த பிறகு, நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஒவ்வொரு ஆப்பும் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டால் அது ஊமைதான். சில போன்களில் பேட்டரி சேவர் வேறு பின்னால் ஓடுகிற ஆப்பைத் தூங்க வைத்துவிடும். ஒரு வாரமாக ஒன்றும் வரவில்லையே என்று ஆப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி என் போன்.

தமிழில் உண்டா என்று கேட்டாய். நான் போட்டுப் பார்த்த ஒன்றில் தமிழ் இருந்தது. ‘நான் ஏராளத்தின் காந்தம்.’ இதை எங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாருடி அந்த ஏராளம்?” என்று கேட்டார்.

8 மார்ச் 2025, இரவு 11.15

சொந்தக் குரலில் பதிவு செய்வது எப்படி என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் கதையைச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் பதிவு செய்ய முடியாது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஐந்து பேர். டிவி ஓடும், அத்தை போனில் அத்திப்பட்டு நாத்தனாரோடு பேசுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய், துணி காய்கிற கொடிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ரகசியம் சொல்வது போல ஐந்து வாக்கியம் பதிவு செய்தேன். “நான் அமைதியா இருக்கேன். என் வேலை எனக்குத் தெரியும். யார் கத்தினாலும் அது என்னைப் பத்தினது இல்லை.” இப்படி.

மறுநாள் காலையில் இயர்போனில் கேட்டேன். “நான் அமைதியா இருக்கேன்” என்று சொல்லி முடிப்பதற்குள், “தக்காளீஈ… மூணு கிலோ அம்பது, மூணு கிலோ அம்பது” என்று தெருவில் போன வண்டியின் ஸ்பீக்கர். அடுத்த வாக்கியத்துக்கு நடுவில் கூட்ஸ் வண்டி. நாலாவதில் எங்கள் மகள், “அம்மா, யாரோட பேசுற?”

அழித்துவிட்டுத் திரும்பப் பதிவு செய்யலாம் என்றுதான் நினைத்தேன். செய்யவில்லை. அந்தத் தக்காளி வருகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, சிரித்தால் கொஞ்சம் இளகுகிறது. ஆப்பில் இருக்கிற அந்தப் பெண் குரல் தேனில் ஊறியது போல இருக்கும், எனக்கு அது ஒத்துவரவில்லை. ஏதோ ஸ்டார் ஓட்டல் வரவேற்பறையில் யாரையோ வரவேற்கிற குரல், என்னை இல்லை.

12 மார்ச் 2025, இரவு 10.05

காசு கட்டாதே என்று 3ஆம் தேதி எழுதிய அதே மனுஷிதான் எழுதுகிறேன். இன்று என் கணக்கிலிருந்து 1,190 ரூபாய் போயிருக்கிறது.

நான் வழக்கமாக வைத்திருக்கும் ஆப் இல்லை, வேறொன்று, பெயர் வேண்டாம். இங்கே பதில் எழுதுவதற்காக நாலைந்தை இறக்கிப் பார்த்தேன் இல்லையா, அதில் ஒன்று ‘ஏழு நாள் இலவசம்’ என்றது. யுபிஐ ஆட்டோபே கேட்டது, பின் நம்பர் போட்டது நானேதான். இரண்டு நாளில் பிடிக்காமல் ஆப்பை அழித்துவிட்டேன். ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. இது எனக்கு இன்றுதான் உறைத்தது, நாள் முழுக்க பில் போடுகிறவளுக்கு.

வீட்டுக்காரர் சிரிக்கிறார். “செல்வத்தை ஈர்க்கிறேன்னு தினமும் சொன்னியே, அவன் ஈர்த்துட்டான் பாத்தியா?”

சரி, கற்றுக்கொண்டதை எழுதிவிடுகிறேன். ப்ளே ஸ்டோரைத் திற, மேலே வலது மூலையில் உன் படம், அதைத் தட்டினால் பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். அங்கே நிறுத்த வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும், அங்கேயும் ஒரு பார்வை பார். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். எனக்கும் வந்திருக்கிறது. லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வருகிற குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறேன். 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது, 2022ல் அந்த வரம்பை 5,000லிருந்து ஏற்றினார்கள். நம் வசதிக்காகத்தான் ஏற்றினார்கள், ஆனால் என்னைப் போன்ற மறதிக்காரிக்கு அது வாசலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது போல.

13 மார்ச் 2025, காலை 6.40

பணம் எடுத்து 48 மணி நேரத்துக்குள் என்றால் ப்ளே ஸ்டோரிலேயே திரும்பக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்டிருக்கிறேன்.

15 மார்ச் 2025, இரவு 9.55

வந்துவிட்டது. முழுசாக. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

19 மார்ச் 2025, இரவு 11.30

உன் கேள்வியில் நான் தொடாமல் விட்டது அந்தக் கடைசி வரி. மனசை நாமே ஏமாற்றிக்கொள்வதா? இதை யோசித்து யோசித்து இரண்டு வாரம் போய்விட்டது.

இந்த விஷயம் போனோடு வந்தது இல்லை. பிரான்சில் எமில் கூயே என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார், 1926ல் இறந்தார். மருந்து கொடுக்கும்போது ‘இது அருமையாகக் கேட்கும்’ என்று சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் நோயாளிக்கு அதிகமாகக் கேட்கிறது என்று கவனித்தவர். பிறகு அவர் எல்லோருக்கும் ஒரே வாக்கியம் கொடுத்தார்: நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் நான் தேறிக்கொண்டே வருகிறேன். காலையில் விழித்ததும் 20 தடவை, ராத்திரி கண் மூடும் முன் 20 தடவை. எண்ணிக்கை தவறாமல் இருக்க 20 முடிச்சு போட்ட கயிறு. அப்பா ஸ்ரீராமஜெயம் எழுதி நிரப்பிய நோட்டுகள் இன்னும் எங்கள் பரணில் இருக்கின்றன, ஒரு பக்கத்துக்கு இத்தனை என்று எண்ணி எழுதியவை. முடிச்சுக் கயிறைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

இனி, உன் சந்தேகத்துக்கு ஆதரவாக ஒன்று. 2009ல் கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ‘நான் அன்புக்குரியவன்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை, மணி அடிக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லச் சொன்னார்கள். தன் மேல் ஏற்கெனவே நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னையே மட்டமாக நினைக்கிறவர்களுக்கு? சொல்லாமல் இருந்தவர்களை விட இன்னும் மோசமாக உணர்ந்தார்கள். யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது கடித்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் கணக்கில் 640 ரூபாய் உதைத்து, என் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் காலை எட்டரைக்கு ஆப், ‘நான் செய்வதெல்லாம் துல்லியம்’ என்றது. உள்ளே இருந்து ஒரு குரல், “ஆமா, 640 ரூபாய் துல்லியம்” என்று பதில் சொன்னது. பெரிய வாக்கியம் சொன்னால் உள்ளே இருப்பவள் எதிர்த்து வாதாடுகிறாள், அவள் கையில் சாட்சியும் இருக்கிறது.

அதனால் வாக்கியத்தைச் சின்னதாக்கினேன். ‘640 ரூபாய் விட்டேன், நேற்று 180 பில் சரியாகப் போட்டேன்.’ இதற்கு அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டுமே நடந்தது.

20 மார்ச் 2025, காலை 6.15

இன்னொன்று, இது வெறும் தமிழ்ப் பிரச்சினை. ஆங்கிலத்தில் ‘ஐ யாம் இனஃப்’ என்று ஒன்று எல்லா ஆப்பிலும் வரும். அதைத் தமிழில் ‘நான் போதும்’ என்று போட்டிருந்தார்கள். போதும் என்பது நமக்கு இலையில் சோறு போடும்போது கையை மறித்துச் சொல்கிற வார்த்தை. ‘நான் போதும்’ என்றால் நானே எனக்கு அலுத்துப்போய்விட்டேன் என்றுதான் காதில் விழுகிறது. ‘போதுமானவள்’ என்றால் பாட்டில் மேல் எழுதிய மாதிரி. நம் ஊரில் இதற்கு ஈடாக என்ன சொல்வோம்? ‘எனக்கென்ன குறைச்சல்?’ அவ்வளவுதான். அதில் கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது, கொஞ்சம் திமிரும் இருக்கிறது. இதை யாரும் எந்த ஆப்பிலும் போடவில்லை.

30 மார்ச் 2025, பகல் 3.10

அத்தை இந்த ஆப்பை ஒரு மாதமாகக் கவனித்துவிட்டு இன்று தீர்ப்பு சொன்னார். “இதத்தான நாங்க காலங்காலமா சொல்றோம். நீங்க காசு குடுத்து வாங்குறீங்க.”

யோசித்தால் உண்மைதான். வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வாசல் தாண்ட முடியாது, ‘போயிட்டு வரேன்’. விளக்கை ‘அணை’ என்று சொன்னால் திட்டு விழும், ‘குளிர வை’. விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது அழுது புலம்பினால், “அந்த வார்த்தைக்கு ஆமாம்னு ஒரு தேவதை சொல்லிடப் போகுது, வாயைக் கழுவு.” மகள் பள்ளிக்கூடத்தில் இதைத் தகுதி வழக்கில் மங்கலம் என்று படித்தாளாம், தேர்வில் இரண்டு மார்க். ஒரு வித்தியாசம் உண்டு. அத்தையின் வார்த்தைகள் எதுவும் ‘நான்’ என்று ஆரம்பிப்பதில்லை. எல்லாம் வீட்டைப் பற்றி, வாசலைப் பற்றி, போகிறவர் திரும்பி வருவதைப் பற்றி.

அதே அத்தைதான் என்னை ஒரு நாளும் ‘நல்லா சமைச்ச’ என்று சொன்னதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அந்த ஆப் இங்கே வேலை செய்யவில்லை.

14 ஏப்ரல் 2025, காலை 10.30

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். மாங்காய்ப் பச்சடி அடுப்பில்.

திருத்தம். முதல் குறிப்பில் ‘21 நாளில் பழகிவிடும்’ என்று அடித்துவிட்டேன். எல்லா ஆப்பிலும் 21 நாள் சவால் என்று இருக்கும், அதைப் பார்த்த பழக்கம். லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் தலைமையில் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் தானாக வர எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். சராசரி 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று இழுத்துக்கொண்டு போகிறது. நம் ஆட்கள் ஒரு மண்டலம் 48 நாள் என்று வைத்ததே 21க்கு எவ்வளவோ பரவாயில்லை.

அந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்தது, ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை என்பது. ஆப்கள் இதற்கு நேர் எதிர். பிப்ரவரியில் பெரியப்பா காரியத்துக்குப் பொன்னேரி போய் இரண்டு நாள் இருந்தேன். திரும்பி வந்து திறந்தால், ‘உங்கள் 27 நாள் தொடர் உடைந்துவிட்டது’ என்று ஒரு அழுகிற பூ. துக்கத்துக்குப் போய்விட்டு வந்தவளிடம் பூ அழுகிறது. இன்றோடு 90 நாள் ஆகிறது, அதில் 61 நாள்தான் கேட்டிருக்கிறேன். அந்தத் தொடர் எண்ணிக்கையைக் காட்டாமல் வைக்க வழி இருக்கிற ஆப்பாகப் பார். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

2 மே 2025, இரவு 10.40

இன்று கோபமாக இருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘என் உடல் வலிமையானது, நாள் முழுவதும் எனக்குத் தெம்பு இருக்கிறது’ என்று மூன்று மாதத்துக்கு மேலாக ஒரு வாக்கியம் கேட்டேன். கால் வலி அப்படியே இருந்தது. போன வாரம் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டார்கள். கால் வலி பாதி போய்விட்டது.

கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் கவுண்டருக்கு அது வந்து சேர இவ்வளவு நாள் ஆனது. அதுவும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்ட பிறகு. கேட்கப் போகும்போது வயிற்றைக் கலக்கியது, அப்போது நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டது எந்த ஆப்பிலும் இல்லை: ‘சட்டத்துல இருக்கு, பிச்சை கேக்கல.’

தம்பி, இதை யோசி. உன் காலை நினைப்புக்குக் காரணம் உன் மனசா, இல்லை ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் பார்சல் ஏற்றிவிடுகிறவர்களா? இரண்டாவது என்றால் அதற்கு வாக்கியம் மருந்தில்லை.

3 மே 2025, காலை 6.30

நேற்று எழுதியதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். கேட்கப் போகும்போது நான் சொல்லிக்கொண்டதும் ஒரு அஃபர்மேஷன்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம். மாட்டிக்கொண்டேன்.

21 மே 2025, இரவு 11.05

கத்திரி வெயிலில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டே யோசித்தது இது.

2010ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. கலைத்துப்போட்ட எழுத்துகளிலிருந்து சொல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் சிலரை ‘செய்வேன்’ என்று எழுதச் சொன்னார்கள், சிலரை ‘செய்வேனா’ என்று. கேள்வியாக எழுதியவர்கள் அதிகம் கண்டுபிடித்தார்கள். தன்னைத்தானே கேட்டால் மனசு காரணங்களைத் தேடிப் போகிறது என்று விளக்கம்.

தமிழில் ஒரு ‘ஆ’ சேர்த்தால் முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சொல்லிப் பாருங்கள்: ‘நான் கோபப்படாமல் இருப்பேனா?’ நம் வாயில் அது மிரட்டல்! ‘நான் செய்வேனா?’ என்றால் செய்யவே மாட்டேன் என்று பொருள். அதனால் மாற்றினேன். ‘இன்னிக்கு முதல் கத்தலுக்கு மட்டும் சிரிச்சுப் பாக்க முடியுமா?’ இது எனக்குப் பொருந்தியது. முதல் கத்தல் ஒன்றுக்கு மட்டும், நாள் பூராவுக்கும் இல்லை. பாதி நாள் முடிகிறது.

இன்னொன்றும் மாற்றினேன், அதுதான் முக்கியம் என்று இப்போது படுகிறது. நேரம். காலை எட்டரை எனக்கு டிபன் பாக்ஸ் மூடி தேடுகிற நேரம், அப்போது வருகிற செய்தியைப் படித்த ஞாபகமே இருக்காது. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சு போட்டு வைத்தால் நினைத்தது நடக்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியல்காரர் 1999லேயே எழுதியிருக்கிறார். என் முடிச்சு ரயில்வே கேட். கேட் போட்டால் என் மூன்று வாக்கியம். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக நகர்ந்து முடிய எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். முன்பெல்லாம் கேட் போட்டால் வயிறு எரியும். இப்போதும் எரிகிறது, ஆனால் அதற்கு நடுவில் மூன்று வாக்கியமும் வருகிறது. கேட் திறந்திருந்தால்? அன்றைக்கு அதை விட நல்ல வார்த்தை எதற்கு?

வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் நிற்பவர். அவரிடம் இதைச் சொன்னேன். “எனக்கு முன்னாடி நிக்கிற வண்டி பின்னாடியே எல்லாம் எழுதியிருக்கு, உழைப்பே உயர்வு, பொறாமை கொள்ளாதே. ஒரே வரிய மூணு மணி நேரம் படிச்சிருக்கேன், உயரவும் இல்ல, நகரவும் இல்ல” என்றார்.

9 ஜூன் 2025, இரவு 10.20

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ‘இருந்து என்ன’ என்று தோன்றுகிறது, எந்த ஆப் நல்லது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சகோதரி, ஆப் வேண்டாம். 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வட சென்னையில்தான் இருக்கிறீர்கள் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓபி சீட்டு வாங்கினால் போதும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் போய் வந்திருக்கிறார். பைத்தியம் என்று யாரும் முத்திரை குத்தவில்லை, மாத்திரை கொடுத்தார்கள், தூங்கினார். பழைய வாட்டர்லூ விஷயத்தை மறுபடி படியுங்கள்: அடி மட்டத்தில் இருக்கும்போது பெரிய பெரிய நல்ல வாக்கியம் இன்னும் அழுத்தும். கூட வர ஆள் இல்லையென்றால் இங்கேயே எழுதுங்கள்.

11 ஜூன் 2025, காலை 6.10

போன் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார். சரி.

29 ஜூன் 2025, பகல் 2.45

ஆப் தேர்ந்தெடுப்பதில் ஒன்று பாக்கி. நான் போட்ட நாலைந்தில் ஒன்று என் கான்டாக்ட் லிஸ்ட்டைப் பார்க்க அனுமதி கேட்டது. எனக்கு நல்ல வார்த்தை சொல்ல என் மீன்காரம்மா நம்பர் எதற்கு? 2022ல் மொசில்லா அமைப்பினர் மனநல, பிரார்த்தனை ஆப்கள் 32ஐ அலசி, 28க்கு அந்தரங்கம் காப்பதில் எச்சரிக்கை போட்டார்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்புக்கும் கீழே டேட்டா சேஃப்டி என்று ஒரு பகுதி இருக்கும், எதைச் சேகரிக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர்களே எழுதியது. இறக்கும் முன் அதை ஒரு நிமிஷம் படி. ‘இன்று மனசு எப்படி?’ என்று கேட்கிற பகுதியில் எல்லாவற்றையும் கொட்டாதே. நான் ‘பரவாயில்லை’யை மட்டும்தான் தட்டுவேன், மாமியாரிடம் சொல்வது போல.

27 ஜூலை 2025, இரவு 11.50

ஆடித் தள்ளுபடி ஞாயிறு. எம்.சி. ரோட்டில் ஆள் மேல் ஆள். நிற்கவே இடமில்லாததால் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள், நாளைக்குத் திரும்ப வருமாம்.

ஒரு அம்மா, ஜாக்கெட் துணி இரண்டுக்குத் தள்ளுபடி விழவில்லை என்று அரை மணி நேரம். “படிச்சவளாடி நீ” என்று வேறு. எனக்கு மூன்று வாக்கியமும் மறந்துபோனது. ஆனால் என்னையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டேன், வாய் விட்டு இல்லை, உள்ளே. ‘அடியே, நிறுத்து. பில்லைப் பாரு, அவங்க மூஞ்சியப் பாக்காத.’ ‘நான்’ என்று சொல்லிக்கொள்வதை விடத் தன்னையே பெயர் சொல்லி, ‘நீ’ என்று பேசிக்கொண்டால் பதற்றம் குறைகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் கிராஸ் குழு 2014ல் எழுதியதை எப்போதோ படித்திருந்தேன். அதை நினைத்துச் செய்யவில்லை. எங்கள் அம்மா அடுப்படியில் தன்னைத்தானே பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வேலை செய்வார், அதுதான் வந்தது.

தள்ளுபடி விழாதது எங்கள் கணினியின் தப்பு. அந்த அம்மா சொன்னது சரி. 38 ரூபாய்.

3 ஆகஸ்ட் 2025, பகல் 12.30

ஆடிப் பதினெட்டு. கலந்த சாதம் நாலு வகை செய்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

எந்த ஆப் என்று தம்பி மறுபடியும் கேட்கிறான், ஐந்து மாதமாகப் பேசியும் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையாம். சொல்கிறேன். நான் நோட்டிஃபிகேஷன் அனுப்புகிற ஆப்பை எடுத்துவிட்டேன் (முதலில் சந்தாப் பக்கத்தைப் பார்த்துவிட்டு). போனோடு வந்த சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் போதுமாக இருக்கிறது. நீ கட்டாயம் ஆப்தான் வேண்டும் என்றால், சொந்த வாக்கியம் சேர்க்க விடுவதாக, நாளைக்கு ஒன்று என்று குறைக்க முடிவதாக ஒன்றை எடுத்துக்கொள். முதல் பார்சல் ஸ்கேன் ஆகும் சத்தத்தை உன் ரயில்வே கேட்டாக வைத்துக்கொள்.

அப்புறம் அந்தத் தக்காளிப் பதிவு. அழிக்கவில்லை. இன்று காலை அதே வண்டி தெருவில் வந்தது, கிலோ நாற்பது என்றார். மார்ச்சில் மூணு கிலோ அம்பது கொடுத்தீர்களே என்றேன். எந்தக் காலத்தில் என்றார். சாட்சி இருக்கிறதே என்று போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். “நான் அமைதியா இருக்கேன்” என்று என் குரல், பின்னாலேயே அவர் குரல். முழுசாகக் கேட்டுவிட்டுத் தராசைத் தூக்கினார்.

“அப்படியே அமைதியா இருங்கக்கா. நாப்பதுதான்.”